பதினோரு வருடம் தாங்கிய வேலை, இப்போது மட்டும் ஏன் முடியவில்லை?

கோவையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் 11 ஆண்டுகளாக விற்பனையாளராக இருக்கும் 38 வயதுச் சகோதரி ஒருவர் எட்டுப் பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி, அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

காலை 9 மணிக்குக் கடைக்குள் நுழைந்தால் இரவு 9:30க்குத்தான் வெளியே வருகிறார். மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம், வாரத்தில் புதன்கிழமை மட்டும் விடுமுறை, சம்பளம் 16,000 ரூபாய். கணவர் பம்ப்செட் பட்டறையில் லேத் வேலை பார்க்கிறார்; ஆர்டர் குறைந்த மாதங்களில் அவருடைய வருமானம் பாதியாகிவிடும். மகள் பத்தாம் வகுப்பு. மகளிர் குழுக் கடன் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த புதிய மேலாளர் ஒவ்வொருவருக்கும் தினசரி விற்பனை இலக்கு வைத்தார். காலைக் கூட்டத்தில் முந்தைய நாள் இலக்கை எட்டாதவர்களின் பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. வாடிக்கையாளர் வாங்காமல் எழுந்து போனால் அதற்குக் காரணம் எழுதித் தர வேண்டும். கேமரா பார்த்துக்கொண்டே இருப்பதால் ஆளில்லாத நேரத்திலும் உட்கார முடிவதில்லை. அடிக்கடி கழிப்பறைக்குப் போனால் பேச்சு வரும் என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டதில், ஓராண்டில் இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்துவிட்டது. சென்ற ஆடித் தள்ளுபடியின்போது வாடிக்கையாளர் குடும்பத்தின் எதிரிலேயே மேலாளர் திட்டியிருக்கிறார். அன்றிலிருந்து புடவை மடிக்கும்போது கை நடுங்குகிறது. அதிகாலை 3 மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கமில்லை. நெஞ்சு அடைப்பதுபோல் இருக்கிறது. செவ்வாய் இரவு மட்டும் நிம்மதி, புதன் மாலையே வயிற்றைப் பிசைகிறது. மகளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுகிறார். நான்கு மாதங்களாக, தோழி சொன்ன தூக்க மாத்திரையைச் சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் வாங்கி, இரவில் பாதி போட்டுக்கொள்கிறார்.

அவர் கேட்பவை மூன்று. “நான் கோழையா? மாத்திரை சாப்பிட்டால் பழைய மாதிரி ஆகிவிடுவேனா? கணவர் சொல்வதுபோல வேலையை விட்டுவிடட்டுமா?”

சகோதரி, உங்கள் மூன்று கேள்விகளுக்கும் முன்னால், கேள்வியாக எழுதாமல் கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் நீங்கள் எழுதியிருந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். “தூங்கினால் அப்படியே எழாமல் போய்விட்டால் நன்றாயிருக்கும் என்று சில இரவுகளில் தோன்றுகிறது, பயப்படாதீர்கள், ஒன்றும் செய்துகொள்ள மாட்டேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வதை நம்புகிறேன். ஆனாலும் ஒரு மருத்துவன் இந்த வரியைக் கடந்துபோகக் கூடாது. இந்த எண்ணம் வருகிறது என்பதை இன்றே உங்கள் கணவரிடம் சொல்லிவிடுங்கள்; வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரைகளை அவர் கையில் கொடுத்து, தினமும் அந்தப் பாதியை மட்டும் அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். இரவு 3 மணிக்குப் பேச ஆள் வேண்டும் என்று தோன்றினால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். அது கட்டணமில்லாத அரசு சேவை, எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். எழாமல் போனால் நன்று என்ற எண்ணம் எப்படிப் போவது என்ற யோசனையாக என்றாவது மாறினால், விடியும்வரை காத்திருக்காமல் கணவரை எழுப்பிக்கொண்டு அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள்.

கோழைத்தனம் என்ற சந்தேகம்

“பதினோரு வருடம் தாங்கினேன், இப்போது மட்டும் ஏன் முடியவில்லை? மனசு பலவீனமாகிவிட்டது” என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை இரண்டாம் முறை, தேதிகளை மட்டும் குறித்துக்கொண்டு படித்தேன். முதல் ஒன்பது ஆண்டுகளிலும் வேலை கடினமாகத்தான் இருந்திருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இரவு 11 மணிவரைகூட நின்றிருக்கிறீர்கள். ஆனால் அந்த ஆண்டுகளில் எந்தக் குடும்பத்துக்கு எந்தப் புடவையை எடுத்துக் காட்டுவது, பேரம் பேசுபவரிடம் எவ்வளவு நேரம் செலவிடுவது, கூட்டம் குறைந்ததும் யார் ஐந்து நிமிடம் உட்காருவது என்பதையெல்லாம் நீங்களும் உடன் வேலை செய்தவர்களுமே முடிவு செய்தீர்கள். கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்கள் உங்கள் பெயரைச் சொல்லித் தேடி வந்ததைப் பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். தூக்கம் கெட்டது, தொற்று வந்தது, மகளிடம் கோபம் வந்தது எல்லாமே அந்த முடிவுகள் உங்கள் கையை விட்டுப் போன பிறகுதான். மாறியிருப்பது வேலையின் அமைப்பு.

இதை உங்களுக்கு ஆறுதலாகச் சொல்லவில்லை. வேலை தரும் நெருக்கடியை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: வேலைப்பளு மட்டும் மனிதனை அவ்வளவாக உடைப்பதில்லை, பளு கூடி, அந்த வேலையை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறையும்போதுதான் உடலும் மனமும் கெடுகின்றன. பிரிட்டனில் மைக்கேல் மார்மோட் தலைமையில் அரசு ஊழியர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்விலும், பெரிய பொறுப்பில் இருந்த அதிகாரிகளைவிடக் கீழ்ப்படியில் இருந்தவர்களுக்கே இதய நோய் அதிகமாக வந்தது. தன் வேலையின்மீது தனக்குப் பிடி இல்லாமல் இருந்தது அதற்கான காரணங்களில் ஒன்று என்று கண்டார்கள். உங்கள் மேலாளருக்கும் மேலிடத்து நெருக்குதல் இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அவர் நினைத்த நேரத்தில் தேநீர் குடிக்கலாம், நாற்காலியில் உட்காரலாம். உங்களுக்குத் தண்ணீர் குடிப்பதே கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டிய காரியமாகிவிட்டது.

கண்ணுக்குத் தெரியாத இன்னோர் உழைப்பும் இருக்கிறது. நாற்பது புடவைகளைப் பிரித்துக் காட்டிய பிறகு “சும்மா பார்க்க வந்தோம்” என்று எழுந்து போகிறவரிடமும், மேலாளர் திட்டி முடித்த அடுத்த நிமிடம் வந்து நிற்கிறவரிடமும் அதே முகமலர்ச்சியைக் காட்ட வேண்டும். உணர்ச்சியை அடக்கி முகத்தை ஏற்பாடு செய்யும் இந்த வேலைக்குச் சம்பளப் பட்டியலில் இடமில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் மகளிடம் வெடிப்பது பெரும்பாலும் அதன் பாக்கிதான்.

செல்பேசியில் படித்துவிட்டு உங்களுக்கு “பர்ன்-அவுட் நோய்” வந்திருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் தற்போதைய நோய் வகைப்பாட்டில் அது நோயாகச் சேர்க்கப்படவில்லை. சரியாகக் கையாளப்படாத நீண்டகாலப் பணி நெருக்கடியால் விளையும் தொழில்சார் நிலை என்றே குறிக்கப்பட்டிருக்கிறது. எல்லாம் வற்றிப்போன களைப்பு, வேலையின்மீது கசப்பு, தன்னால் எதையும் சரியாகச் செய்ய முடியவில்லை என்ற உணர்வு ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். மூன்றுமே உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. ஆனால் அதோடு நின்றுவிட்டதா என்பதில்தான் எனக்குக் கவலை.

ஒரே சொல், இரண்டு பொருள்

தமிழில் “மன அழுத்தம்” என்ற ஒரே சொல்லை ஸ்ட்ரெஸுக்கும் பயன்படுத்துகிறோம், டிப்ரஷன் என்னும் மனச்சோர்வு நோய்க்கும் பயன்படுத்துகிறோம். செய்தித்தாள்களும் அப்படித்தான் எழுதுகின்றன. மருத்துவர்களாகிய நாங்களும் அவசரத்தில் அப்படித்தான் பேசிவிடுகிறோம். இந்தக் குழப்பத்தால் பலர் சிகிச்சைக்கு வராமலே இருந்துவிடுகிறார்கள். வேலை நெருக்கடி என்பது வெளியிலிருந்து வரும் சுமை. சுமையை இறக்கினால் சில நாட்களில் உடல் பழைய நிலைக்குத் திரும்பும். மனச்சோர்வு நோய் அந்தச் சுமையால் தொடங்கியிருக்கலாம், ஆனால் ஒரு கட்டத்துக்குமேல் தானாகவே நடக்கத் தொடங்கிவிடும். அப்போது விடுமுறை நாளிலும் மனம் லேசாகாது.

இரண்டு வாரங்களுக்கு மேலாக, ஏறக்குறைய எல்லா நாளும், மனம் தாழ்ந்தே இருப்பதும், முன்பு பிடித்தவை பிடிக்காமல் போவதும், அதிகாலை விழிப்பும், பசி குறைவதும், தன்மீதே குற்ற உணர்ச்சியும், சாவைப் பற்றிய எண்ணமும் சேர்ந்து வந்தால் அதை நோயாகக் கருதிச் சோதிக்க வேண்டும். பக்கத்து வீட்டுத் திருமணத்துக்குக்கூடப் போகத் தோன்றவில்லை என்கிறீர்கள். புதன்கிழமை பகலிலும் படுத்தே கிடக்கிறீர்கள். கடிதத்தை வைத்து நான் நோயைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் ஒரு மனநல மருத்துவர் உங்களை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதே நேரத்தில், எல்லாவற்றையும் “டென்ஷன்” கணக்கில் எழுதிவிடுவதும் தவறு. நெஞ்சு அடைப்பை நீங்களே மனக்கோளாறு என்று முடிவு செய்துகொண்டது ஆபத்தானது. பெண்களின் இதயக் கோளாறு இப்படிக் கவனிக்கப்படாமல் போவதுண்டு. வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்றால் உங்கள் வேலை நேரம் வாரத்துக்கு 70 மணியைத் தாண்டுகிறது. வாரம் 35 முதல் 40 மணி வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணிக்கு மேல் வேலை செய்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும் இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021ல் வெளியிட்டன. இது பெருந்திரளான மக்களைப் பற்றிய கணக்கு, உங்களுக்கு வந்துவிட்டது என்று பொருளில்லை, ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பார்க்கப் போதுமான காரணம், அவ்வளவுதான். கூடவே இரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு ஆகியவற்றையும் பாருங்கள். இரத்தசோகையும் தைராய்டுக் கோளாறும் களைப்பையும் படபடப்பையும் அச்சு அசலாக மனநோய் போலவே காட்டும்.

மாத்திரை பற்றி

கை நடுக்கத்துக்கு மேலாளர் திட்டியதைக் காரணமாகச் சொல்கிறீர்கள். அதுவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் மாத்திரை அல்பிரசோலம் வகையைச் சேர்ந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து அது. உங்களுக்கு விற்றவர் செய்தது சட்டவிரோதம். தினமும் போட்டுக்கொள்ளும்போது உடல் அதற்குப் பழகிவிடும். அடுத்த வேளை மருந்துக்கு முன்பாகவே நடுக்கம், படபடப்பு, அதிகாலை விழிப்பு எல்லாம் வரும். அதை நோய் முற்றுவதாக நினைத்து அளவைக் கூட்டத் தோன்றும். இதைப் படித்துவிட்டுப் பயந்து இன்றிரவே நிறுத்தியும் விடாதீர்கள். பல மாதம் எடுத்த பிறகு திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொல்லும் கணக்கில், வாரக்கணக்காகச் சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும்.

மனச்சோர்வு நோய் என்று உறுதியானால் மருத்துவர் தரும் மருந்து வேறு. அது வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும், தூக்க மாத்திரைபோல அடிமைப்படுத்தாது, அதையும் அவர் சொல்லும்போதுதான் நிறுத்த வேண்டும். ஆனால் எந்த மருந்தும் காலைக் கூட்டத்தை நிறுத்தாது, நாற்காலி வாங்கிப் போடாது. யோகா செய்யச் சொல்லும் உங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் யோசனையும் நல்லதுதான், தூக்கத்துக்கு உதவும். ஆனாலும் அடுப்பைத் தணிக்காமல் பொங்கும் பாலை ஊதிக்கொண்டே இருந்தால் எவ்வளவு நேரம் ஊதுவது?

இ.எஸ்.ஐ. அட்டை வீட்டில் தூங்குகிறது

கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒரு விஷயம்தான் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குப் பணம் பிடிக்கிறார்கள். 16,000 ரூபாயில் 0.75 சதவீதம், அதாவது மாதம் 120 ரூபாய் உங்களிடமிருந்தும், 3.25 சதவீதம் கடையிடமிருந்தும் போகிறது. இத்தனை ஆண்டுகள் கட்டிவிட்டு, சிறுநீர்த் தொற்றுக்குத் தனியார் மருத்துவமனையில் கைக்காசைக் கொடுத்திருக்கிறீர்கள். சிங்காநல்லூரில் இருக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவமனை அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. மேலே சொன்ன சோதனைகளுக்கெல்லாம் நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை.

மருத்துவர் ஓய்வு தேவை என்று சான்றளித்தால், இத்தனை நாட்களுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நிறைவு செய்தவருக்கு ஆண்டுக்கு 91 நாட்கள்வரை ஊதியத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். ஒரு மாத ஓய்வு என்றால் உங்கள் கணக்கில் ஏறத்தாழ 11,000 ரூபாய். ஒன்று வேலையை விடுவது, இல்லையென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு போவது, வேறு வழியே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நடுவில் இந்த வழி இருக்கிறது.

“மனநல மருத்துவரிடம் போனது கடைக்குத் தெரிந்தால் பைத்தியம் என்று வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள்” என்ற பயத்துக்கும் பதில் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. உங்கள் சம்மதமின்றி மருத்துவர் உங்கள் முதலாளியிடம் எதையும் சொல்ல முடியாது. கடையில் சொல்ல வேண்டுமென்றால், உடல்நலக் குறைவால் மருத்துவர் ஓய்வு சொல்லியிருக்கிறார் என்பதே போதும்.

கடையில் என்ன கேட்பது

“டென்ஷன் தராதீர்கள்” என்று கேட்டால் எந்த நிர்வாகமும் சிரித்துவிட்டுப் போய்விடும். எண்ணிக் காட்டக்கூடியவற்றைக் கேளுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021ல் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பணியாளர்கள் அனைவருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலையினிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பது அதன் சாரம். உங்களைப் போன்ற ஜவுளிக்கடைப் பெண்களை மனத்தில் வைத்தே அது வந்தது. அதே சட்டப்படி வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. கூடுதல் நேரத்தைச் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54ஐத் தாண்டக் கூடாது. அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். தொடர்ந்து நான்கு மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேர இடைவேளை தர வேண்டும். உங்கள் அரை மணி நேரச் சாப்பாடு இதற்குள் எங்கே வருகிறது என்று நீங்களே பாருங்கள்.

ஆனால் சட்டம் இருக்கிறது என்பதற்காக நாளைக் காலையே தனியாகப் போய் மேலாளர் முன் நிற்காதீர்கள். இதே பிரிவில் இன்னும் ஏழு பேருக்குக் கால் வீக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களில் மூன்று நான்கு பேராவது சேர்ந்து, மேலாளரைத் தாண்டி நிர்வாகத்திடம், மரியாதையான ஒரு கடிதமாகக் கொடுங்கள்: ஆளில்லாத நேரத்தில் உட்கார முக்காலி, இடைவேளை, வாடிக்கையாளர் எதிரில் கண்டிக்காமை. உங்கள் பங்குக்கு, பட்டுப் பிரிவிலிருந்து சில மாதங்களுக்கு வேறு பிரிவுக்கு மாற்றும்படி கேட்கலாம். அதற்கு முன்பே ஒரு சிறு நோட்டில் தேதி போட்டு, வந்த நேரம், போன நேரம், நடந்ததை ஒரு வரியில் எழுதி வாருங்கள். கேட்டது கிடைக்காமலும் போகலாம், முகம் சுளிப்பார்கள், பழிவாங்கல்கூட நடக்கலாம். இதை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆறு மாதத்துக்கு மேல் பணிபுரிந்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இல்லாமல் நீக்க முடியாது என்பதும், தொழிலாளர் துறையில் புகார் தரலாம் என்பதும் நினைவிருக்கட்டும். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ 15100 என்ற எண்ணையோ அணுகினால், என்னைவிட விவரமாக ஒரு வழக்கறிஞர் சொல்வார்.

வேலையை விடுவது

விடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். எதைக் கேட்டும் மாறாத இடத்தில் உடம்பைக் கரைத்துக்கொண்டிருப்பதைவிட விலகுவது நல்லது என்று பல நோயாளிகளிடம் நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் மனம் இவ்வளவு தாழ்ந்திருக்கும்போது எதிர்காலம் முழுவதும் இருட்டாகத்தான் தெரியும். அந்தக் கண்ணால் பெரிய முடிவுகளை எடுக்க வேண்டாம். சிகிச்சை தொடங்கி ஆறு வாரமாவது போகட்டும். கணவருடைய வருமானம் நிலையில்லாத வீட்டில் இப்போதே வேலையை விட்டால், இந்த நெருக்கடி போய்க் கடன் நெருக்கடி வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

பிறகும் விலகுவதென்றே முடிவானால், கோபத்தில் நின்றுவிடாமல் எழுத்துமூலம் ராஜினாமா கொடுங்கள். ஐந்து ஆண்டுகளைக் கடந்துவிட்டதால் உங்களுக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உரிமை உண்டு. கணக்குக்கு எடுக்கப்படும் மாத ஊதியம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி, 11 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 76,000 ரூபாய் வரும். இதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

வருகிற புதன்கிழமை கணவரை ஒரு நாள் லீவு போடச் சொல்லி, அவரையும் அழைத்துக்கொண்டு சிங்காநல்லூருக்குப் போங்கள். இ.எஸ்.ஐ. அட்டை, ஆதார், சிறுநீர்த் தொற்றுக்குப் பார்த்த பழைய சீட்டுகள், மீதமிருக்கும் அந்தத் தூக்க மாத்திரை அட்டை, இந்த நான்கையும் எடுத்துச் செல்லுங்கள். உங்களுக்கு ஒதுக்கப்பட்ட இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் முதலில் காட்டி, அங்கிருந்து எழுதி வாங்கிக்கொண்டு போக வேண்டியிருக்கலாம், காலையிலேயே கிளம்புங்கள். கை நடுக்கத்தைச் சொல்லும்போது மாத்திரையை எத்தனை மாதமாக, எவ்வளவு எடுக்கிறீர்கள் என்பதையும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். போகிற வழியில் தண்ணீர் குடியுங்கள்.